கை வைத்தால் கலங்கும்

வெண்ணந்தூர்ப் பக்கம் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஜவ்வரிசி செய்கிற என் சேகோ ஆலைக்கு வழி சொல்வார்கள். ஐந்தாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. கிழங்கு மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பிறகு அதே லாரியை விலைக்கு வாங்கினேன். ஒரு குண்டூசிகூட எனக்கு எவரும் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். பீடியை ஒரே நாளில் விட்டவன் நான். சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. எங்கள் வேதக்கோயிலில் மின்விசிறி, மணி, முன்வாசல் கிரில் எல்லாவற்றிலும் என் பெயர் எழுதியிருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, நாலு பேருக்குத் தெரியட்டுமே என்றுதான் சொல்கிறேன்.

சபை மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று போதகர் கேட்டார். நான் முன்னுக்கு வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். பேனா என்னவோ அப்பாவிடம் போய் நின்றுகொண்டது.

அப்பா என்னைப் போலக் கெட்டிக்காரர் அல்ல. கடைசிவரை அடுத்தவர் ஆலையில் தொட்டி வேலைதான் பார்த்தார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து வடித்த பாலைத் தொட்டியில் நிரப்பி, மாவு அடியில் படியும்வரை காவல் இருக்க வேண்டும். பிறகு மேல் தண்ணீரைத் திறந்துவிட்டு மாவை வெட்டி எடுக்க வேண்டும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். குடியிலும் அப்படித்தான்.

அம்மா வழியில்தான் எங்கள் வீட்டுக்கு வேதம் வந்தது. ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் அப்பா மாரியம்மன் நோம்பிக்குத் தீ மிதித்தவர். கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, பூக்குழி இறங்கிக் கால் சுடாமல் ஏறி வருவாராம். காப்புக் கட்டினவன் சாராயம் தொடமாட்டான். அது ஊர்க் கட்டுப்பாடு. வேதத்துக்கு வந்த பிறகும் அப்பாவுக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதமான லெந்து தொடங்கியதும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் முடிந்து, தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொள்வார். ஈஸ்டர் காலையில் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சுத்தமான மனுசனாக அம்மாவோடு முழங்கால் போட்டுத் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவது என்பது அவருடைய ஏற்பாடு.

போதகரை அந்நாளில் ஐயர் என்போம். அப்போதிருந்த ஐயர் காப்பைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளவில்லை. கிருபைக்கு இதெல்லாம் வேண்டியதில்லையப்பா, அது ஆண்டவர் சும்மா கொடுக்கிறது என்றார்.

“சும்மா குடுத்தா அது பிச்சைங்க ஐயரே,” என்றார் அப்பா. “ஒழைக்காம வாங்கி நமக்குப் பழக்கமில்லீங்க.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டேன். என் ஆலை அதன்மேல்தான் எழும்பியது.

ஆனால் அப்பாவின் காப்பு எந்த வருடமும் ஈஸ்டர்வரை தாங்கியதில்லை. குடிக்கப் போகும்போதும் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. காப்போடு சாராயக் கடைக்குப் போகக் கூடாது என்று அதைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார். ஆணியில் காப்புத் தொங்குவதைப் பார்த்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது. மறுநாள் அப்பா அந்தக் காப்பைத் தொடவே கூச்சப்படுவார். ஈஸ்டர் அன்று எல்லாரும் முன்னால் போக, அவர் கோயில் வாசலில் செருப்புகளுக்குக் காவல் போல நிற்பார். அம்மா ஒவ்வொரு வருடமும் அவருக்கென்று ஒரு வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, ஆராதனை முடியும்வரை மடியில் வைத்திருந்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பப் பெட்டியில் வைப்பாள். ஒருதரமாவது ஜோடியாக முழங்கால் போட வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் கேட்டதில்லை.

நான் மூன்றாவதோ நாலாவதோ படித்த வருடம், காப்பு, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறுவரை தாங்கிவிட்டது. அம்மா நடையே மாறிப்போனது. மறுநாள் சாயங்காலம் ஆணியில் காப்புத் தொங்கியது.

ஈஸ்டர் அன்று அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை. கோயிலுக்கு எதிர்ச்சாரியில்தான் அவர் வேலை பார்த்த ஆலை. ஆராதனை பாதியில் அம்மா என் தோளைத் தட்டி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, வெளியிலாவது நிற்கட்டும் என்று அனுப்பினாள்.

அப்பா ஒரு தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தார். பக்கத்துத் தொட்டியில் மாவு வெட்டியிருந்தார் போலிருக்கிறது, முழங்கால்வரை ஈர மாவு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

“போ சாமி. அப்பன் இன்னும் சுத்தமாவுல. அடுத்த வருசம் வாரேன்னு அம்மாகிட்டச் சொல்லு.”

நான் போகவில்லை. என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வேப்பமரம், பூ உதிர்ந்து, தெளிந்துகொண்டிருந்த பால்மேல் மிதந்தது. அப்பா வேலை அழுக்காகிறதே என்று நான் குனிந்து பூவை அள்ளினேன். அள்ள அள்ளப் பூ நழுவியது. அடியில் படிந்திருந்த மாவு புகை மாதிரிக் கிளம்பித் தண்ணீர் முழுக்க வெளுத்துப்போனது. அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“கை வெக்காத சாமி. நீ சுத்தம் பண்ணப் பண்ணக் கலங்குந்தான். சும்மா உடு, தானாத் தெளியும்.”

சொன்னவர் என் கையை விட்டார். இன்னும் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, காப்பில்லாத தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியில் பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்தது. திடீரென்று எழுந்து, கூட வேலை செய்பவரிடம் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தார்.

“அப்பா, காலு,” என்றேன். குழாய் பக்கத்தில்தான் இருந்தது. அவர் கழுவவில்லை.

கோயில் தரை சிவப்புச் சிமெண்டு. வாசலில் நிற்பார் என்று நினைத்தேன், நிற்காமல் உள்ளே போனார். போன வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால் தடம். முட்டிவரை சுருட்டிய காக்கிக் கால்சட்டை, வேர்வை பனியன். பெண்கள் பக்கம் குசுகுசுவென்றது. ஐயரின் குரல் ஒருதரம் தடுக்கி மறுபடி ஓடியது. அப்பா திருவிருந்து மேசை முன்னால் போய் முழங்கால் போட்டார். அம்மா எழுந்தாள், மடியில் இருந்த வேட்டி பாயில் விழுந்ததைக்கூடப் பார்க்காமல் போய் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள். அப்பா அப்பத்துக்கு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார், குழந்தை சர்க்கரைக்கு ஏந்துகிற மாதிரி. அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

அதோடு அவர் குடி நின்றுவிட்டது என்று எழுதினால் சபை மலருக்கு நன்றாக இருக்கும். நிற்கவில்லை. அதற்குப் பிறகும் விழுந்தார். ஆனால் காப்புக் கட்டவில்லை, செருப்புக்குக் காவலும் நிற்கவில்லை. விழுந்த வாரமும் தள்ளாடாத குறையாகப் போய் முழங்கால் போட்டார். எப்போது நின்றது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. நான் லாரி வாங்கிய பிறகு ஒருநாள், எப்படித்தான் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்க சாமி உட்டேன்? அதுதான் என்னய உட்டுப் போயிருச்சு.”

பீடியை நான் விட்ட கதையை அவரிடம் விவரமாகச் சொன்னேன். நல்லது சாமி என்றார்.

இப்போது என் ஆலையில் தொட்டி கிடையாது. மெஷின் சுற்றிச் சுற்றி மாவைப் பிரித்துவிடுகிறது. தெளியட்டும் என்று காத்திருக்க யாருக்கு நேரம்? கோயில் தரைக்கும் நான்தான் டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன். மாதாமாதம் சலவை வேட்டி கட்டி, கால் கழுவி முதல் ஆளாகத் திருவிருந்துக்குப் போகிறேன். அப்பத்தைக் கையில் வைக்கும்போது கண் தானாக மேலே என் மின்விசிறிக்குப் போய்விடுகிறது. அப்பா முகத்தில் வந்த அது என் முகத்தில் வந்ததாக யாரும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரியிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். திரும்பி வரும்போது சில நாள் தரையைப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும், ஒரு தடம் இருக்காது.

அப்பா உள்ளே போன அந்த ஈஸ்டரில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். சட்டையைக் கழற்றி, வாசலிலிருந்து ஆரம்பித்து அப்பாவின் கால் தடம் ஒவ்வொன்றையும் துடைத்துக்கொண்டே போனேன். என் அப்பாவை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று அழுத்தி அழுத்தித் துடைத்தேன். கடைசித் தடம் அவர் குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்தது, அதையும் விடவில்லை. துடைத்தது அழுக்கு என்றுதான் அப்போது எனக்குத் தெரியும்.