புனிதரின் பங்கு

வால்டெமிர் அண்ணன் மதுக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும் முதல் வாய்ச் சாராயத்தைத் தரையில் ஊற்றுவார். அது புனிதருக்கு. எங்கள் சாவோ ஜோஸே ஊரில் பலரும் செய்வதுதான். அண்ணன் அதை அலுவலகத்திலும் செய்தார்.

விமானத் தொழிற்சாலையில் அவர் வேலை, மோசமான காற்றில் இறக்கைமேல் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்கிடுவது. அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி இறக்கையை வடிவமைப்பது என் வேலை. ஒன்றரை என்பது சட்டம். அது போதாதென்று அண்ணன் தன் எண்ணில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டித்தான் எனக்கு அனுப்புவார். பல வருஷப் பழக்கம். தாளில் அதைக் காட்டமாட்டார். போதையில் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னார்.

"காத்து என்ன, நம்ம சட்டப் புஸ்தகத்தைப் படிச்சுட்டா வீசுது, ஜாசிர்? புனிதருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்டா."

1978இல் புதிய விமானத்தின் எடை கூடிப்போனது. தலைமைப் பொறியாளர் எவரால்டோ எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கத்தினார்.

"விமானம் கேட்டா டிராக்டர் குடுக்கறீங்க! கொழுப்பை வெட்டுங்கய்யா!"

அண்ணன் பயந்துபோய் இந்த முறை எதையும் கூட்டாமல் உண்மையான எண்ணை அனுப்பினார். வழக்கம்போல் கூட்டியிருப்பார் என்று நினைத்து, எடை குறையட்டும் என்று நான் பத்தில் ஒன்றைக் கழித்தேன். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்கூடத்தில் இறக்கையை மேலே இழுத்து வளைத்தார்கள். நூற்றைம்பது சதவீதம் வரை தாங்கவேண்டும். நூற்று முப்பத்தைந்தில் வெடித்து முறிந்தது.

விசாரணையில் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "அவர் எப்பவும் கூட்டித்தான் சார் எழுதுவாரு, அதான் கழிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். பழைய தாள்களைக் கிளறினார்கள். எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று கூடுதல். முறிந்த இறக்கையின் தாள் ஒன்றுதான் சரியாக இருந்தது. பொய் எண் எழுதியவர் என்று அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மறுவருஷம் பதவி உயர்வு. அந்தப் பொய் எண்களை நம்பிப் பறந்த விமானங்களில் ஒன்றின் இறக்கைகூட முறிந்ததில்லை. அதை எந்த மடையனும் அறிக்கையில் எழுதவில்லை. நானும்தான்.

ஒரு சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க மதுக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் தன் கிளாஸை அப்படியே தரையில் கவிழ்த்தார்.

"என்னண்ணே, முழுசுமா?"

"போன தடவை அவர் பங்கை நீ குடிச்சிட்டியேடா. பாவம், தாகமா இருப்பாரு."