வேணி மகளுக்கு ஞாயிறு ஓட்டம் கிடையாதாம்

இன்று காலை தாம்பரம் பஸ்ஸில் வேணியைப் பார்த்தேன். அவள் மகளும் என் மகள் அபியும் ஒரே பள்ளிக்காக நானூறு மீட்டர் ஓடுகிறவர்கள். அடுத்த வாரம் மாவட்டப் போட்டிக்கான தேர்வு, ஒருத்திக்குத்தான் இடம்.

வேணி மகளுக்குத் தனி கோச். அபிக்கு, மொபைலில் வீடியோ பார்த்துக் கற்ற நான்தான்.

"பாப்பா எங்கே?" என்றேன்.

"தூங்குறாக்கா. ஞாயித்துக்கிழமை ஓடவே கூடாதாம். ரெஸ்ட்லதான் உடம்பு தேறும்னு கோச் சொல்லிட்டாரு. இப்ப ரெண்டு செகண்ட் கம்மி!"

வயிறு எரிந்தது.

நான் ஒருநாளும் விடாமல் நாற்பத்தெட்டு நாள் ஓடவைப்பதாக முருகனிடம் வேண்டியிருக்கிறேன். பத்து நாளாக அபியின் வேகம் குறைந்துகொண்டே போகிறது.

வீட்டுக்கு வந்தபோது அபி இன்றைய ஓட்டத்தை முடித்திருந்தாள். "நாளைக்குத் தூங்கும்மா" என்றேன். முருகனிடம் பேசிக்கொள்ளலாம்.

அந்த கோச் இன்னும் என்னென்ன சொன்னார் என்று வேணியிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. யாராவது நைசாகக் கேட்டுச் சொல்லுங்களேன்.