உலைச் சுவர் குளிர்ந்தபோது

கசாக் புல்வெளியில் செம்பு உருக்கிப் பிழைக்கும் கரதாஸ் ஊரில் குல்பர்ஷினைத் தெரியாதவர் குறைவு. ஆனால் ஆலையில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல படம் போடுறா" என்பார்கள். அவள் கணவன் ஜந்தோஸும் அப்படித்தான் சொல்வான். அவன் உலையடியில் நின்று உருகிய செம்பைத் திறந்துவிடுகிறவன்.

அந்த உலையின் சுவரைக் கணினிக்குள் கட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. உள்ளே நெருப்புச் செங்கல், அதை ஒட்டி வெளியே தண்ணீர் ஓடும் செம்புப் பலகை. சூட்டில் விரிந்து சுருங்கி இரண்டும் விட்டுப்போனால், அந்த விரிசலைத் தாண்டி எவ்வளவு சூடு போகும், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவாள். ஒட்டியிருப்பதை நம்பலாம், பிரிந்ததையும் நம்பலாம், பாதி ஒட்டி நிற்பதை மட்டும் நம்ப முடியாது என்பது படிக்கிற காலத்திலேயே அவளுக்குள் விழுந்துவிட்ட பயம்.

ஒரு ஜனவரியில் வடக்குச் சுவரிலிருந்து வரும் தண்ணீரின் சூடு இறங்கத் தொடங்கியது. உலைக்காரர்களுக்கு நிம்மதி. அவளுக்கோ அது கெட்ட அறிகுறி. உலைப் பொறுப்பாளர் கென்ஷெபையிடம் போனாள்.

"குளுந்தா நல்லதுதானே தங்கச்சி? இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த?"

"தந்தூர் அடுப்புல ரொட்டி சுவத்த விட்டு எழும்பினா, ரொட்டியில அந்த எடம் வேகாம வெளுப்பாவே நிக்கும்ல அண்ணே? சூடு சுவத்துலயே நின்னுடும். அது மாதிரிதான். வெளிய வராத சூடு இப்ப செங்கல்லத் தின்னுக்கிட்டு இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எவ்வளவு நாள் தாங்கும்?"

விரிசலின் இரு பக்கமும் எவ்வளவு தூரம் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு எண்ணை அவள் அனுமானமாகத்தான் போட்டிருந்தாள்.

"ஒரு வாரம் தாங்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

உலை நின்றால் அதன் சூட்டில் வீடுகளுக்கு ஓடும் வெந்நீர்க் குழாய்களும் நிற்கும். கடுங்குளிரில் பாதி ஊர் விறைக்கும். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை ஜந்தோஸ் பால் தேநீரைக் குடித்துவிட்டு பூட்ஸை மாட்டினான்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடேன்" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னாள்.

"நான் போகலன்னா எதிர்வீட்டு துர்சின் நிப்பான். அவன் பொண்டாட்டிக்குப் படம் போடத் தெரியாதுங்கறதுக்காக அவன் வேகணுமா?"

அவன் போய்விட்டான். கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளும் ஆலைக்கு ஓடினாள். கென்ஷெபையின் முன் நின்றபோது கணக்கு எதுவும் வாயில் வரவில்லை.

"ஒரு வாரம்னு சொன்னது நான்தான். அவரு உள்ள நிக்கறப்போ, என் வார்த்தைய நம்பி என்னாலயே உக்கார முடியலண்ணே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்தார். மதியத்துக்குள் உலை நின்றது.

வீடுகள் சில்லிட்டன. "உன் படத்தக் குடு, போத்திக்கறோம்" என்றாள் கடையில் ஒருத்தி.

உலை ஆறியதும் சுவரைப் பிரித்தார்கள். விரிசல் அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் கணக்கில் ஒரு சாண் மிச்சமிருந்த செங்கல், அங்கே விரல் தடிமன்தான் நின்றது.

"உன் கணக்கு எங்க உயிரக் காப்பாத்திருச்சு" என்றார் கென்ஷெபை.

"கணக்கு தப்புண்ணே. அத நம்பியிருந்தா இன்னும் ஓட்டியிருப்போம்."

சுற்றி நின்றவர்கள் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் விரிசலை அளந்து, எண்ணை மாற்றி, மற்ற மூன்று சுவர்களுக்கும் முதலிலிருந்து கணக்குப் போட்டாள். தெற்குச் சுவரையும் பிரிக்கச் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அங்கே செங்கல் முழுசாகவே இருந்தது. ஊர் வீணாக இன்னும் சில நாள் குளிரில் கிடந்தது.

அவள் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டால் மோசமான எண்ணையே முதலில் சொல்கிறாள். ஜந்தோஸ் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் லீவு போடச் சொல்வதில்லை; அவன் நிற்காவிட்டால் அங்கே துர்சின் நிற்பான்.