அம்பு ஒட்டிய மானிட்டர்கள்

1. செவ்வாய்க்கிழமை காலை என் மானிட்டர் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு அணைந்தது.
2. கேபிளை மாற்றிப் பார்த்தேன், பிளக்கை மாற்றிப் பார்த்தேன். உயிர் வரவில்லை.
3. டீ ஆறுவதற்குள் போனில் புதியதை ஆர்டர் செய்துவிட்டேன்.
4. மறுநாள் மதியம் ஒருவர் பெட்டியை வாசலில் வைத்தார், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமலே போனார்.
5. திறந்தேன், மாட்டினேன், விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.

எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் அடங்கும். மளிகைச் சாமான் மட்டுமில்லை, கோபங்களைக்கூட வரிசை போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஐந்து வரிகளில் யாரும் யாரோடும் பேசவே இல்லை என்பது தெர்மாகோலைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. புது பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்க இருந்தது. சுத்தமான வாசனை. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடை வாசனையில் பஞ்சுத் தூசியும் சேர்ந்திருக்கும்.

திருப்பூரில் அப்போது பழைய கம்ப்யூட்டர்கள் எக்ஸ்போர்ட் ஆபீஸ்களிலிருந்துதான் வெளியே வரும். ஒவ்வொரு ஆபீசாகத் தட்டைத் திரைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். முதுகு புடைத்த பழைய மானிட்டர்கள் டெம்போவில் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்கு வந்து சேரும். சி.பி.யு.வின் மூடியைக் கழற்றினால் உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு படிந்திருக்கும். மவுசைக் கவிழ்த்து உருண்டையை எடுத்தால் அங்கேயும் நூல் சுற்றியிருக்கும். கடைக்காரர் நாட்ராயன் அண்ணன் புளோயரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஊதுவார். "ஊரே பனியன் போடுதுங்க, கம்ப்யூட்டரு மட்டும் சும்மா இருக்குமா?" என்பார். மூலனூர்க்காரர். சிரிக்காமல் ஜோக் சொல்லும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

அங்கே நான் போனது டிப்ளமோ முடித்த மறுவருடம். படித்தது கம்ப்யூட்டர், ஆனால் வேலை எதுவும் அமையவில்லை. ஒரு சென்டரில் டிசைன் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டிருந்தேன். பனியனில் படம் அடிக்கும் பிரிண்டிங் யூனிட் ஒன்றின் முதலாளி, "ஊட்லயே கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு பண்ணிக் குடு கண்ணு, புடிச்சுதுன்னா தொடர்ந்து தாரேன்" என்று சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம், அம்மா வேலை பார்த்த கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனில் ஓர் இடம் காலியாக இருந்தது. சூப்பர்வைசர் அக்கா அம்மாவிடம் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் காலை அம்மாவோடு நானும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேனில் ஏற வேண்டும்.

சி.பி.யு., கீபோர்டு, பேட்டரி மாற்றிய யு.பி.எஸ். எல்லாம் சேர்ந்துவிட்டன. மானிட்டர்தான் பாக்கி. அப்பாவுக்கு நிட்டிங் மெஷினில் இரவு ஷிஃப்ட், ஞாயிறு பகல் முழுவதும் தூக்கம். அதனால் அம்மா வந்தாள்.

செக்கிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தைத்து வந்த பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேட வேண்டும். குறை கண்ட இடத்தில் ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அப்படித் தரம் குறைந்து ஒதுங்கும் சரக்குக்கு செகண்ட்ஸ் என்று பெயர். நாள் முழுக்க நின்றபடியே இதைச் செய்ய வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து அம்மா செய்தது இதைத்தான். அவள் சேலை முந்தானையில் எப்போதும் இரண்டு அம்புகளாவது ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுக் கதவிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும். ஒருமுறை என் பரீட்சைத் தாளில், நான் தப்பு விட்ட கணக்குக்கு நேராகவே ஒன்று இருந்தது. அது தற்செயல்தானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நாட்ராயன் அண்ணன் கடையில் மானிட்டர்கள் சுவரோரம் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எங்களுக்குக் காபி சொல்லிவிட்டு அவர் இன்னொருவருக்கு பிரிண்டர் காட்டப் போனார். திரும்பி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா அதற்குள் பாதி வரிசையை முடித்திருந்தாள். கீறல் இருந்த இடத்தில் ஓர் அம்பு, உடைந்த பட்டனுக்கு ஓர் அம்பு. ஒரு மானிட்டரில் ஏதோ ஒரு பேக்கிங் லிஸ்ட்டின் கட்டங்கள் வருடக்கணக்காக எரிந்து திரையிலேயே பதிந்துபோயிருந்தன. அதற்கு மூன்று அம்புகள்.

"அய்யோ அக்கா! என்னுங்க இது?"

"கோடு விழுந்திருக்குல்லா. இது செகண்ட்ஸ்."

"என்ற கடையே செகண்ட்ஸ் கடைதானுங்க அக்கா! இப்படி அம்பு உட்டு வெச்சீங்கன்னா ஒருத்தனும் உள்ள வர மாட்டானுங்க."

"அப்பம் குறைய மறைச்சா விக்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

கடைசியில் அம்பு வாங்காமல் இரண்டே மானிட்டர்கள் தப்பின. அப்போதுதான் அம்மா கட்டைப்பையிலிருந்து துணித் துண்டுகளை எடுத்தாள். நேவி, மெரூன், பாட்டில் கிரீன், கரும்சாம்பல். கட்டிங்கில் மிச்சமானவை. "ஏட்டி, இதே கலரத் திரையில கொண்டா" என்றாள்.

"அம்மா, பிரிண்டிங்ல நம்பர் பாத்துத்தான் மை கலக்குவாங்க. திரையப் பாத்து இல்ல."

"நம்பர் போதும்னா எங்களுக்கு எதுக்குச் சம்பளம் குடுக்காங்க? நாளைக்கு ஷேடு தப்பிச்சுன்னா உன்னயத்தாம் ஏசுவாங்க."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. சூப்பர்வைசரிடம் அவள் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த சாயங்காலங்கள் எனக்குத் தெரியும். சாஃப்ட்வேரைத் திறந்து நான்கு கட்டங்களில் நான்கு நிறங்களை நிரப்பினேன். அம்மா மெரூன் துண்டைத் திரையோடு ஒட்டிப் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். பிறகு ஷேடு பார்க்கிற யாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வெயில்ல வச்சுப் பாக்கலாமா?"

துணி வியாபாரம் நடக்கும் ஊரில் இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. டியூப்லைட் பொய் சொல்லும், பகல் வெளிச்சம்தான் சாட்சி. நாட்ராயன் அண்ணனும் திருப்பூர்க்காரராகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "பாத்துட்டாப் போச்சுங்க" என்று நீளமான கேபிளைத் தேடி எடுத்தார். கம்ப்யூட்டர் படித்த நானும் அந்தக் கனத்த மானிட்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஸ்டூலில் வைத்தோம். சித்திரை மாதத்து மத்தியான வெயில்.

திரையில் ஒன்றுமே இல்லை. எங்கள் மூன்று முகங்களும் எதிர்ச்சாரி டீக்கடையும் மட்டும் அதில் தெரிந்தன.

"ஏட்டி... செத்துப்போச்சா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. உடைத்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டாள்.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஏனக்கா, டிவி காயுதுங்களா?" என்றார் ஒருவர். அம்மா துண்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தாள். "சரி, வா. இந்தச் சோலி நமக்கு வேண்டாம். திங்கக்கிழம எங்கூட வா" என்றாள்.

நாட்ராயன் அண்ணன் சிரிக்கவில்லை. பக்கத்து கட்பீஸ் கடைக்குப் போய் ஒரு கறுப்புத் துணியை விரித்துக்கொண்டு வந்தார். மானிட்டரின் மேலும் எங்கள் தலைகளின் மேலும் அதைப் போர்த்தினார். "இப்பப் பாருங்க அக்கா."

உள்ளே நான்கு நிறங்களும் அப்படியே எரிந்துகொண்டிருந்தன. அம்மா பெருமூச்சு விட்டாள். அவள் மூச்சில் காபி வாசனை. பையைத் துழாவி மெரூன் துண்டை எடுத்தாள். அது கறுப்பாகத் தெரிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் கறுப்பு. துணியை விலக்கினால் துண்டு சிவந்தது, திரை செத்தது. மூடினால் திரை பிழைத்தது, துண்டு செத்தது. இப்படி இரண்டு மூன்று முறை. பிறகு அந்த இருட்டில் அம்மா மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. நானும் சிரித்தேன். வெளியிலிருந்து நாட்ராயன் அண்ணன், "ஏனுங்க, உள்ள ஏதாச்சும் படம் ஓடுதுங்களா?" என்றார்.

"ரெண்டையும் ஒண்ணாப் பாக்க முடியல, என்னட்டி?"

"முடியாதும்மா."

"உனக்கு இது தெரியும்லா?"

"தெரியும்மா."

என் கையைப் பிடித்து, மீதி இருந்த அம்பு ஸ்டிக்கர் தாளை அதில் வைத்தாள். "அப்பம் நீயே பாஸ் பண்ணு. எனக்கு இது புடிபடாது."

கடைக்குள் போய் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தேன். அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்று டீக்கடையில் சிரித்தவர்களைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் கண்ணாடியில் முழங்கை பட்டபோதெல்லாம் கைமயிர் சிலிர்த்தது.

திங்கட்கிழமை அம்மா தனியாக வேன் ஏறினாள். நான் முதல் டிசைனை ஆரம்பித்தேன், குழந்தைகள் பனியனுக்கு ஒரு கரடி. பிரிண்ட் ஆகி வந்த சாம்பிளை அம்மாவிடம் கொடுத்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அக்குள்ல ஓட்ட இருக்கு" என்றாள். அப்புறம், "அது உன் வேல இல்ல" என்றாள்.

அந்தச் சந்தில் இப்போது மானிட்டர் விற்கும் கடை ஒன்றுகூட இல்லை. மொபைல் கவர் தொங்குகிறது, கேமரா மாட்டித் தருகிறார்கள். நாட்ராயன் அண்ணன் கடையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். முதுகு புடைத்த அந்த மானிட்டரை பழைய இரும்புக்காரர் வாங்கிப்போனார். பிரிண்டிங் யூனிட் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்திருக்கிறது.

அம்மா வேலையை விட்டுவிட்டாள், என்னோடுதான் இருக்கிறாள். நான் இன்றைக்கும் டிசைன் செய்துதான் சம்பாதிக்கிறேன். செக்கிங் டேபிளின் முன்னால் ஒருநாள்கூட நான் நின்றதில்லை.