பன்னிரண்டு ஆணிகளும் நிறைந்திருந்தன

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அன்றைக்குக் காரில் இருந்த பின் இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறோம். எத்தனை வெயிலில் போட்டாலும் அது காயவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய தங்கை. கடற்கரைச் சாலை வழியாக ஒரு வாரப் பயணம். கிளம்பும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ வெளையாட்டுப் புள்ள. பத்திரமா கூட்டிட்டு வந்துடும்மா" என்றார்.

மாலை 4:40. நூற்றைம்பது வருடப் பழைய கலங்கரை விளக்கம். வாசலில் வயதான காவலாளி. அவருக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் பன்னிரண்டு ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த ஒரு பித்தளை டோக்கன். மேலே போகிறவர் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், இறங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"அஞ்சரைக்குப் பூட்டிடுவேன்" என்றார். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு எரநூத்திப் பத்துப் படி ஏறிப் பாக்க முடியுமா? ஆணி நெறஞ்சா ஆள் எறங்கியாச்சு. அதான் கணக்கு."

இரும்புக் கதவின் உள்பக்கம், தாழ்வாக, பச்சைப் பெயின்ட் கீறிக் கீறி உரிந்திருந்தது. "ஏதாவது நாய் பிறாண்டியிருக்கும்" என்றார் என் கணவர்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கேயும் அண்ணன் தங்கை சண்டை.

"ஒரு கல்லு விடாம படம் எடுக்கறியே, கல்லுக்கெல்லாம் கல்யாணமா?"

"நீ மொதல்ல தொப்பையத் தூக்கிட்டு எறங்கு. இன்னைக்கு முழுக்க உன்கூட பேச மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். அவள் தன் மஞ்சள் ஷாலையும் டோக்கனையும் என்னிடம் நீட்டினாள். "காத்துல பறந்துடும் அண்ணி. நீங்க போங்க, அஞ்சே நிமிஷத்துல வந்துடறேன்."

5:10. தனியாக இறங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது அங்கே யாரும் இல்லை. தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். வெளியே மழையும் இல்லை. கைகளை அக்குளுக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

"அக்கா… டோக்கனத் தொலைச்சுட்டேன். அது இல்லாம வெளிய விட மாட்டாங்க."

குளிரில் அவள் பற்கள் தந்தியடித்தன. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதுதான் நான் வணங்கும் தெய்வத்திடம் கற்ற ஒரே பாடம். என் டோக்கன் கைப்பையின் அடியில் கிடந்தது. கையில் இருந்தது நாத்தனாருடையது. அதைக் கொடுத்தேன். ஷாலையும் எடுத்துப் போர்த்திவிட்டேன்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தேன்.

அவள் கீழே ஓடினாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

கீழே வந்து என் டோக்கனைக் காவலாளி கையில் வைத்துவிட்டு, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்து விவரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

5:32. கதவு பூட்டியிருந்தது.

"என் நாத்தனார்…"

"மஞ்ச ஷால்தானே? அப்பவே வந்து கார்ல ஏறிடுச்சு."

பலகையைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆணிகளும் நிறைந்திருந்தன. அந்தப் பெண்ணுக்குத் தொலைந்தது கிடைத்திருக்கும், வாங்கியதை என் நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்திருப்பாள் என்று நானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மனிதர்களை நல்லபடியாகவே நினைத்துப் பழகிவிட்டவள் நான்.

காரின் பின் இருக்கையில் மஞ்சள் ஷால் முக்காடு. முகம் ஜன்னல் பக்கம்.

"மேடம் பேச மாட்டாங்களாம்" என்று கணவர் கண்ணடித்தார். கிளம்பினோம்.

5:50. அவள் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் பனி படர்ந்திருந்தது.

6:01. உப்பு வாடை…

6:08. சமாதானமாகட்டும் என்று பிஸ்கட்டைப் பின்னால் நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது.

ஜில்லென்ற கை.

விரல்களில் நகமே இல்லை. ஒன்றுகூட…

6:09. என் போன் அடித்தது. திரையில் நாத்தனார் பெயர்.

"அண்ணி… ஏன் விட்டுட்டுப் போனீங்க? கதவு பூட்டியிருக்கு. சிக்னல் தேடி இப்பத்தான் மறுபடி மேல ஏறி வந்தேன்…"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணி… யாரோ ஏறி வர்றாங்க. ஈரக் கால் சத்தம்…"

திரும்பிப் பார்த்தேன்.

இருக்கையில் பிஸ்கட் மட்டும் இருந்தது.

6:55. காவலாளி கதவைத் திறந்தார். மூன்றாவது திருப்பத்தில் அவள் போனும் செருப்பும் கிடந்தன. கதவின் உள்பக்கம் புதிய கீறல்கள். பதினோரு நாள் கடலில் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

பிறகுதான் காவலாளி வாய் திறந்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன், ஒருத்தி அவசரத்தில் தன் டோக்கனோடு தோழியின் டோக்கனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆணி நிறைந்தது. இவர் பூட்டிவிட்டார். அன்று இரவே புயல். நான்கு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"கத்தியிருக்கும்மா. காத்துல யாருக்குக் கேக்கும்? தெறந்தப்போ அந்தப் புள்ளயோட வெரலு…" அவர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

போன மாதம் அவரே போன் செய்தார். மேலே போய்வந்த ஒரு தம்பதி சொன்னார்களாம். மூன்றாவது திருப்பத்தில் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடம் கேட்கிறாளாம்.

"எங்க அண்ணி கீழ நிக்கறாங்களா? என் டோக்கன் அவங்ககிட்டதான் இருக்கு."

யாராவது மனமிரங்கி அவளுக்கு ஒரு டோக்கன் கொடுக்க வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிறேன். கொடுத்தால், அது எந்த வீட்டுப் பெண்ணுடையதாக இருக்கும் என்பதும் தெரிந்தேதான் கேட்கிறேன்.