கரும்பு வண்டி வரிசையில் ஒரு பறக்கும் குதிரை

சின்னசேலம் சாலையில் இன்று ஒரு கரும்பு லாரியின் பின்னால் போனபோது அதே புளித்த வாடை. என் சின்ன வயதில் சர்க்கரை ஆலை வாசலில் மாட்டுவண்டிகள் நாள்கணக்கில் நின்ற அந்த வரிசை இப்போது இல்லை. காயக் காயக் கரும்பு எடை குறையும் என்பதால், முன்வண்டி நகர்ந்தால் எழுப்பச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டு அப்பா வண்டிக்கடியில் தூங்குவார். ஒருநாள் நானோ கதைப் புத்தகத்துக்குள், பறக்கும் குதிரைமேல் இருந்தேன். இரண்டு வண்டிகள் எங்களை முந்திவிட்டன.

"இன்னாடி பண்ணிக்கினு இருந்த?" என்று கத்தினார் அப்பா.

"குதிர கடல்ல வுழுந்துடுச்சிப்பா."

முறைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வெகுநேரம் கழித்து, "அப்பறம் அந்தக் குதிர இன்னா ஆச்சி பாப்பா?" என்றார்.

வாசித்தேன். கதை முடிந்து இருவரும் நிமிர்ந்தபோது, இன்னும் ஐந்து வண்டிகள் எங்களை முந்திப் போய் நின்றன.