எஞ்சின் தட்டியது, நான் பொய் சொன்னேன்

போன செவ்வாய்க்கிழமை காலை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு என் கணவர் சொன்னார்: “பிறின்ஸை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அவன் என்னை ஏச்சிட்டான் ஏட்டி.”

பிறின்ஸ் தக்கலையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக். என் கணவர் ஷார்ஜாவை விட்டு ஊர் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்த ஒரே நண்பரும் அவர்தான். பிறின்ஸா ஏமாற்றுவார்? நம்ப முடியவில்லை. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரமாக நானும் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்...

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சிவப்புக் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். வயதான டர்போ கார். பத்தொன்பது வருடம் ஷார்ஜாவில் ஜெனரேட்டர்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்த மனிதர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள். இரணியலில் வீடு கட்டியது எனக்காக. உழைத்தது பிள்ளைகளின் படிப்புக்காக. கார் மட்டும்தான் அவருக்காக.

வாங்கியவர் சும்மா இருந்தாரா? இன்னும் வேகம் வேண்டும் என்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி வைத்தார். நாங்குநேரிப் பக்கம் நாலு வழிச்சாலையில் போகும்போது, “இஞ்ச பாருங்க, ஏதோ டக் டக்குன்னு தட்டுது” என்றேன். “ஒண்ணும் தட்டல, நீ சும்மா இரி” என்றார். பத்தே நிமிடத்தில் புகை. கயிறு கட்டி இழுத்துத்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

பிறின்ஸ் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். ஒரு பிஸ்டனின் ஓரம் உடைந்து சிலிண்டரையும் கீறி வைத்திருந்தது.

“கம்பெனி பிஸ்டன் வார்ப்பு அண்ணே. நீங்க குடுக்க அழுத்தத்த அது தாங்காது. ஓட்டணும்னா ஃபோர்ஜ்டு போடுவோம். இல்லேன்னா காரைக் குடுத்துருங்க.”

காரைக் கொடுப்பதா? அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே சொல்லிவிட்டேன் — என்ன இழவோ, போடுங்கள் என்று.

ஃபோர்ஜ்டு ஷார்ட் பிளாக் என்றால் என்ன? மூன்று மாதம் இதே பேச்சுதான் எங்கள் வீட்டில். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எஞ்சினின் கீழ்ப்பாதிக்குப் பெயர் ஷார்ட் பிளாக். பிளாக், அதற்குள் கிராங்க், ராடு, பிஸ்டன்... இவ்வளவும் பூட்டிய உடம்பு. தலை மட்டும் இருக்காது. அதில் ராடும் பிஸ்டனும் உருக்கி வார்த்ததாக இல்லாமல், சூடாக்கி அடித்து அழுத்திச் செய்ததாக இருந்தால் ஃபோர்ஜ்டு. பூட்டி ரெடியாக வருவதையே வாங்கலாமாம். எங்கள் கிழட்டுக் காருக்கு யார் பூட்டி அனுப்புவார்கள்? பிறின்ஸே கட்டிவிடுகிறேன் என்றார்.

பிஸ்டன்கள் பார்சலில் வந்தன. நாலையும் சாப்பாட்டு மேசையில், சாளைமீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார். எங்கள் பிள்ளைகள் பிறந்தபோது அவர் ஷார்ஜாவில் இருந்தார். கைக்குழந்தையை ஏந்துகிற அந்த முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். “மேசையில கிரீஸ் ஆவும்” என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பிஸ்டன்களோடு பிளாக் கோயம்புத்தூருக்குப் போய், அவற்றுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்துகொண்டு வந்தது. பிறின்ஸ் பூட்டினார். ஒரு வழியாகக் கார் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தார். நான் போர்ட்டிகோவில் நிற்கிறேன். டக்... டக்... டக்...

அதே நாங்குநேரிச் சத்தம்!

“ஏட்டி, ஏதாவது சத்தம் கேட்டியா? அன்னைக்கு நீ சொன்னதக் கேக்காமத்தான் எல்லாம் போச்சு. நல்லாக் காது குடுத்துக் கேளு.”

அவர் முகத்தில் அவ்வளவு ஆவல். அந்த முகத்தைப் பார்த்து, எஞ்சின் மறுபடியும் போச்சு என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

“இல்லையே... பூப்போல ஓடுது” என்றேன்.

மனிதர் சந்தோஷப்பட வேண்டும்தானே? முகம் சுருங்கிப்போயிற்று.

தினமும் காலையில் அதே கேள்வி, அதே பொய். சில நிமிடத்தில் சத்தம் தானாகவே அடங்கிவிடும். ஜெபம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் டக் டக். அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். அப்படியே ஏழு நாள் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பிறின்ஸ் பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். இவர் வா என்றுகூடச் சொல்லவில்லை.

“பிஸ்டனை மாத்திட்டியா பிறின்ஸ்?”

“என்ன அண்ணே சொல்லுதீங்க?”

“நீதான சொன்ன? ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டுல கூடுதலா விரியும், அதுக்காவ சிலிண்டருக்குள்ள முடியளவு இடம் கூடுதலா விட்டிருக்கு, காலத்த ஸ்டார்ட் பண்ணும்போ குளிர்ல தட்டத்தான் செய்யும், சூடானா நின்னிரும்னு... ஏழு நாளாக் காது குடுத்துக் கேக்கேன். தட்டல. இவளும் தட்டலங்கா. அப்பம் உள்ள கெடக்கது என்ன, சாதா பிஸ்டன்தான?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் அது நல்ல சத்தமா! மூன்று மாதப் பேச்சில் இது மட்டும் என் காதில் விழவே இல்லை.

பிறின்ஸின் முகம் வெளிறிப்போயிருந்தது. சாவியை வாங்கி ஸ்டார்ட் செய்தார். டக்... டக்... டக்...

“கேக்குதா அண்ணே?”

இவர் பானெட் மேல் குனிந்தார். நிமிர்ந்து பிறின்ஸைப் பார்த்தார். “இல்ல” என்றார்.

“மைனி?” என்று என் பக்கம் திரும்பினார் பிறின்ஸ்.

“கேக்குது பிறின்ஸ். ஏழு நாளாக் கேக்குது” என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. எஞ்சின் போயிற்று என்று பயந்து மறைத்ததை அழுதுகொண்டே சொல்லி முடித்தேன்.

பிறின்ஸ் இவர் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார். “ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கும்போ காதுல ஒண்ணும் வைக்கலியா அண்ணே?”

“குடுத்தானுவ. அத வச்சா ஒருத்தன் பேசுனது ஒருத்தனுக்குக் கேக்காது. அதனால ஆரும் வைக்கல.”

சொல்லிவிட்டுப் பிறின்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “மக்கா, தப்பாப் பேசிட்டேன்.”

“அத விடுங்க அண்ணே. காதப் பாப்போம்” என்றார் பிறின்ஸ். எஞ்சின் அதற்குள் சூடாகி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. வீட்டில் டிவி அலறும். ஆலயத்தில் மைக் சரியில்லை என்பார். மூன்று தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட வருவார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத கணவர்களைக் கிண்டல் செய்து இதே பக்கத்தில் ஒரு வாரம் எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள். அதற்கும் சேர்த்து அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கூடவே இருக்கிறவரின் குறை நம் கண்ணில்தான் கடைசியாகப் படுகிறது. அதற்கு முன்பே அலட்சியம், திமிர் என்று நாம் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்.

நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டியாயிற்று. காதில் வைக்கும் மெஷின் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை அவருக்குக் காது நான்தான். காரோ, முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட வேண்டுமாம். ஷேர் ஆட்டோ எங்களை ஓவர்டேக் செய்கிறது. அவருக்கு அதிலும் ஒரு பெருமை!

காலையில் அவர் ஸ்டார்ட் செய்வார். நான் காபியோடு பக்கத்தில் உட்காருவேன். சத்தம் நிற்கும்வரை அவர் எதையாவது பேசிக்கொண்டிருப்பார். ஷார்ஜாவில் பத்துப் பேர் தங்கிய அறை, அங்கே முதல் நாள் வைத்த சோறு, ஃபோனில் என்னிடம் சொல்லாமல் விட்டவை... எதைப் பற்றியும் இனிப் பொய் சொல்வதில்லை என்று அவரிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

நேற்று பேச்சின் நடுவே கேட்டார். “நின்னாச்சா ஏட்டி?”

“இல்ல, இன்னும் தட்டுது” என்றேன்.

சத்தம் நின்று இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.